நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துறது யாரு?

இன்னைக்கு கார் பத்தின எபிசோடு. ஆனா ரிவ்யூ இல்லை. எது வாங்கலாம், எது வேண்டாம்னு நான் சொல்லப் போறதும் இல்லை. ஒரு தொழில்நுட்பத்தோட வரலாறு, அதுக்குள்ள என்னோட ஒரு முட்டாள்தனம். முட்டாள்தனத்தை முதல்ல சொல்லிடறேன்.

போன ஐப்பசி. மதுரையில இருந்து விருதுநகர் போற நாலு வழிச்சாலை, திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி பக்கம். சீசனோட முதல் மழை பெஞ்சு ஓஞ்சு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கார் என்னோடது இல்லை, நண்பனோடது. செகண்ட் ஹாண்டுல வாங்கின ஆல்-வீல் டிரைவ் டர்போ செடான். பக்கத்து சீட்ல எங்க தாய்மாமா. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துல சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

ஈர ரோட்டுல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சேன். வண்டி வழுக்கவே இல்லை. ஒரு சின்ன உதறல்கூட கிடையாது. தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. 110. ‘பாத்தீங்களா மாமா’ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்போ மீடியன் இடைவெளியில இருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்க, மெதுவா குறுக்க வந்துச்சு.

பிரேக்கை மிதிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு காலுக்கடியில அடிச்சுது. வண்டி நிக்கலை. நிக்குது, ஆனா நான் நினைச்ச இடத்துல நிக்கலை. கடைசியா நின்னப்ப அந்தப் பால்காரருக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கிற அளவு இடம்தான் இருந்துச்சு. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. பாத்துட்டு, வண்டியைத் திருப்பி, போயிட்டார்.

மாமா ஒரு நிமிஷம் கழிச்சு சொன்னது இவ்வளவுதான்: “மாப்ள, இழுக்குறது வேற, பிடிக்கிறது வேற.”

இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்க நான் செஞ்ச முயற்சிதான்.

கணக்கை முதல்ல முடிச்சிடுவோம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால ஒரு பத்தி பொறுத்துக்கோங்க. ஒரு கார் ரோட்டைத் தொடுற இடம் மொத்தமே நாலு உள்ளங்கை அளவுதான். இழுக்கிறது, திரும்புறது, நிறுத்துறது எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் நடக்கணும். சாதாரண கார்ல எஞ்சினோட சக்தி ரெண்டு சக்கரத்துக்குத்தான் போகும். அதாவது, இழுக்கிறதுக்குக் கிட்டத்தட்ட பாதிப் பிடிப்புதான் கிடைக்கும். ஆல்-வீல் டிரைவ்ல நாலும் இழுக்கும், முழுப் பிடிப்பும் கிடைக்கும். சரி, பிரேக்? அது எல்லா கார்லயும் ஏற்கனவே நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. அந்த இடத்துல ஆல்-வீல் டிரைவ் ஒரு பைசாகூட கூடுதலா தராது.

நனைஞ்ச ரோட்டோட உராய்வுக் குணகம் 0.5-ன்னு வச்சுக்கோங்க. நாலு சக்கரமும் இழுத்தா, எஞ்சின்ல சக்தி இருக்கிற பட்சத்துல, ஆறு செகண்டுக்குள்ள 100-ஐத் தொட்டுடலாம். ரெண்டு சக்கரம்னா பதினொரு செகண்டாவது ஆகும். ஆனா 100-ல இருந்து நிக்க ரெண்டுக்குமே சுமார் 79 மீட்டர் வேணும். 110-ன்னா 95 மீட்டர். கண் பாத்து கால் மிதிக்கிறதுக்குள்ள ஒரு செகண்ட் போனா இன்னொரு 30 மீட்டர். மொத்தம் 125. நான் ‘பாத்தீங்களா மாமா’ன்னு ஆரம்பிச்ச செகண்ட் அதுல எந்தக் கணக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க.

பிரச்சினை கூடுதல் வேகம் மட்டும் இல்லை. ரெண்டு சக்கர டிரைவ் கார் ஈர ரோட்டுல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் சக்கரம் லேசா சுத்தும், ஸ்டீயரிங் உதறும். ‘தம்பி, ரோடு வழுக்குது’ன்னு வண்டியே சொல்லும். ஆல்-வீல் டிரைவ்ல அந்தச் செய்தி வராது. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, எர்ரரை கேட்ச் பண்ணி, லாக்ல எழுதாம முழுங்கிட்டுப் போற கோடு மாதிரி. எல்லாம் பச்சையாவே காட்டும், ஒருநாள் புரொடக்‌ஷன் மொத்தமா விழுற வரைக்கும்.

இப்போ வரலாறு. இந்த வகைக் கார் எப்படிப் பிறந்தது?

1977 குளிர்காலம். ஆடி கம்பெனியோட இன்ஜினியர்கள் பின்லாந்துப் பனியில தங்களோட புதுக் கார்களைச் சோதனை பண்ணிக்கிட்டு இருந்தார்கள். கூடவே ஃபோக்ஸ்வேகன் இல்டிஸ் என்ற ராணுவ ஜீப்பும் போயிருந்தது. அதோட எஞ்சின் வெறும் 75 குதிரைத்திறன். ஆனால் பனியில் அந்த ஜீப், தன்னைவிடச் சக்தி அதிகமான ஆடி கார்களை எல்லாம் ஓரங்கட்டியது. யோர்க் பென்சிங்கர் என்ற இன்ஜினியர் இதைப் பார்த்து, இதே அமைப்பை ஒரு வேகமான காரில் வைத்தால் என்ன என்று கேட்டார். அப்போது அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஃபெர்டினாண்ட் பியெக் சம்மதித்தார். 1980 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஆடி குவாட்ரோ அறிமுகமானது.

அடுத்த வருஷமே அது உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இறங்கியது. ராலின்னா டிராக்ல வட்டமடிக்கிற ரேஸ் இல்லை. மண் ரோடு, பனி ரோடு, மலை ரோடுன்னு ஒவ்வொரு காரும் தனித்தனியா நேரத்தோட போட்டி போடுறது. 1981 தொடக்கத்தில் மான்டி கார்லோ ராலியில் ஹன்னு மிக்கோலா பனியில் மற்றவர்களை நிமிஷக் கணக்கில் பின்னால் விட்டார், பிறகு காரை மோதிவிட்டார். அடுத்து ஸ்வீடனில் ஜெயித்தார். அதே வருஷம் இத்தாலியின் சான்ரெமோவில் பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் மூத்தோன் ஜெயித்தார். உலக ராலி சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்துல எல்லாரும் சொல்ற கதை இப்படிப் போகும்: குவாட்ரோ வந்தது, ரெண்டு சக்கர டிரைவ் செத்தது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனா 1982 ரிசல்ட்டைப் பாருங்க. கம்பெனிகளுக்கான பட்டம் ஆடிக்கு. மூத்தோன் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில்னு மூணு ராலி ஜெயிச்சாங்க. ஆனா டிரைவர் பட்டம் வால்டர் ரோர்லுக்கு. அவர் ஓட்டினது ஓப்பல் அஸ்கோனா 400. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற, அந்தக் காலத்துக்கே பழைய பாணிக் கார்.

குவாட்ரோ அப்போ புதுசு, அடிக்கடி பழுதாச்சு என்பதும் உண்மைதான். அதுக்கு மேலயும் ஒரு காரணம் இருந்தது. அதோட எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால தொங்கிக்கிட்டு இருக்கும். மூக்கு கனம். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்துல சுத்துற மாதிரி சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டி ஓட்டினா, வளைவுல வண்டி திரும்ப மறுத்து நேரா போகும். நீங்க ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பீங்க. அது இன்னும் நேரா போகும். இதுதான் அண்டர்ஸ்டீயர். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சரியாகும்னு ஒரு நம்பிக்கை வரும், அது இன்னும் மோசம்.

இதுக்கு மருந்து ஸ்காண்டிநேவியாக்காரங்ககிட்ட இருந்தது. ஸ்வீடனின் ஸ்டிக் பிளோம்க்விஸ்ட் பல வருஷம் முன்சக்கர டிரைவ் சாப் கார்களை ஓட்டியவர். அவருடைய வித்தை, வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே இடது காலால் பிரேக்கைத் தொடுவது. மூக்கின் மேல் எடை விழும், முன் டயர்கள் ரோட்டைக் கவ்வும், பின்பக்கம் லேசாக விலகும், வண்டி திரும்பும். எஞ்சினும் சுற்றிக்கொண்டே இருப்பதால் டர்போ தூங்காது. 1984-ல் ரோர்லும் ஆடிக்கு வந்தார். மான்டி கார்லோவில் அவர் முதல், பிளோம்க்விஸ்ட் இரண்டாவது. ஆனால் வருஷ முடிவில் உலகப் பட்டம் பிளோம்க்விஸ்ட்டுக்கு. ரெண்டு உலகப் பட்டம் ஜெயிச்ச ரோர்ல் மாதிரி ஒருத்தர் புதுசா கால் பழக வேண்டியிருந்ததுன்னா, வாரக்கடைசியில சுற்றுச்சாலையில ஓட்டுற நாம எந்த மூலைக்கு?

அப்புறம் நடந்தது சோகம். குரூப் பி என்ற பிரிவில் விதிகள் தளர்வாக இருந்ததால் கார்களின் சக்தி ஏறிக்கொண்டே போனது. நாலு சக்கரமும் இழுப்பதால்தான் அவ்வளவு சக்தியை மண் ரோட்டில் இறக்கவே முடிந்தது. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ் 200 கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அது ஆல்-வீல் டிரைவ் கார்தான். ரெண்டே மாசத்தில், மே 2-ம் தேதி, கோர்சிகாவில் ஹென்றி டோய்வொனென் ஓட்டிய லான்சியா டெல்டா எஸ் 4 ரோட்டை விட்டு இறங்கி எரிந்தது. அவரும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்தத் தலைமுறையின் மிகத் திறமையான டிரைவர்களில் ஒருவர் டோய்வொனென். அந்த சீசனோடு குரூப் பி முடிந்தது.

இதே காலகட்டத்துல நம்ம ஊர்ல என்ன இருந்தது? 1985 கடைசியில் மாருதி ஜிப்ஸி வந்தது. ஒரு லிட்டருக்கும் குறைவான எஞ்சின். 50 குதிரைத்திறன்கூடக் கிடையாது. நாலு சக்கர இழுப்பு உண்டு, ஆனால் சென்டர் டிஃபரென்ஷியல் இல்லை. தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மண்ணுக்கு மட்டும்தான். இந்த ஏழை வண்டியில்தான் இந்திய ராலி ஒரு தலைமுறை வளர்ந்தது. சண்டிகரின் ஹரி சிங், நம்ம கோயம்புத்தூரின் லீலாகிருஷ்ணன் ரெண்டு பேரும் பலமுறை தேசிய சாம்பியன்கள், ஜிப்ஸியில் பேர் வாங்கியவர்கள்.

சக்தி இல்லாத வண்டி எவ்வளவு நல்ல வாத்தியார்னு நான் ரொம்ப லேட்டாத்தான் உணர்ந்தேன். ஜிப்ஸியில வளைவுல வேகத்தை இழந்தா திரும்ப ஏத்த எஞ்சின் கிடையாது. அதனால எங்க பிரேக், எவ்வளவு பிரேக், எப்போ விடணும் என்பதுதான் மொத்த விளையாட்டும். அதாவது எங்க மாமா சொன்ன ‘பிடிக்கிறது’ பக்கம். கோயம்புத்தூர்ல இருந்து இத்தனை பேர் வந்ததுக்கு, பல்லடம் பக்கம் கேத்தனூர்ல காத்தாலைகளுக்கு நடுவுல ஓடுற மண் ரோடுகள்ல ராலி நடக்கிற அந்தச் சூழலும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். மதுரையில இருந்து பழக ஆசைப்படுறவங்க கோயம்புத்தூருக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோதான் பஸ் ஏறணும்.

எங்க தலைமுறைக்கு வேற வாத்தியார். 1998-ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வர ஆரம்பித்தது. அந்த நேரம் டோமி மாக்கினென் லான்சர் எவல்யூஷனில் 1996 முதல் 1999 வரை வரிசையாக நாலு உலகப் பட்டம் ஜெயித்துக்கொண்டிருந்தார். நம்ம ஊர் லான்சர் முன்சக்கர டிரைவ். ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, அவ்வளவுதான். ஆனா பின்னாடி ‘எவோ’ ஸ்டிக்கர் ஒட்டின லான்சர்கள் எத்தனை பாத்திருப்போம்! நிஜ எவோவை நான் ஓட்டினது பிரவுசிங் சென்டர்ல, கீபோர்டுல, நீட் ஃபார் ஸ்பீடுல. அங்க மோதினா எஸ்கேப் கீ இருக்கு.

நிஜ எவோ வேற ஒரு காரியமும் பண்ணியது. 1996-ல் வந்த நாலாம் தலைமுறையில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி அளவில் சக்தி பிரித்துத் தரும் கருவி வந்தது. வண்டி திரும்ப மறுத்தால் கம்ப்யூட்டரே வெளிச் சக்கரத்தைத் தள்ளித் திருப்பிவிடும். நிசான் ஜிடி-ஆரும் இந்த வழிதான். 1989-லேயே எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் முன்சக்கரங்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் சக்தி அனுப்பியது. 2016 டிசம்பரில் அந்தக் குடும்பத்துக் கார் இந்தியாவுக்கு வந்தபோது விலை 1.99 கோடி. பிளோம்க்விஸ்ட்டின் இடது கால் செய்த வேலையில் ஒரு பகுதியை இப்போது சென்சார் செய்கிறது. அதனாலதான் ‘இந்தக் காரை யார் வேணா ஓட்டலாம்’ங்கிற பேச்சு வந்தது. அது பொய் இல்லை. ஒரு எல்லை வரைக்கும் யார் வேணா ஓட்டலாம். அந்த எல்லை எங்கன்னு கார் சொல்லாது, அதுதான் சிக்கல்.

போட்டிக் கார்களைப் பாத்தா கதை தலைகீழ். 2013-ல் டெல்லிக்காரரான கௌரவ் கில், ஆசிய பசிபிக் ராலி சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். அதை ஜெயித்த முதல் இந்தியர். கார் ஸ்கோடா ஃபேபியா எஸ் 2000. அணி எம்ஆர்எஃப், 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் பட்டறையாக ஆரம்பித்த அதே கம்பெனி. 2016, 2017-ல் ஃபேபியா ஆர் 5 காரில் மறுபடி பட்டம். 2019-ல் அர்ஜுனா விருது, மோட்டார் விளையாட்டுக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஆர் 5 காரில் ஏபிஎஸ் கிடையாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. சென்டர் டிஃபரென்ஷியல்கூடக் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும், மத்ததெல்லாம் ஆள்தான்.

ஆள்னா ஒரு ஆள் இல்லை, ரெண்டு ஆள். பக்கத்தில் உட்காரும் கோ-டிரைவர் நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்: வலது நாலு, மேடு தாண்டி இறுக்கும், அப்புறம் நூறு மீட்டர் நேர். போட்டிக்கு முன்னாலேயே அதே ரோட்டில் மெதுவாகப் போய் ரெண்டு பேரும் எழுதிய நோட்டு அது. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத வளைவை காதால் பார்க்கிறார். மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. வண்டியில ஒரு சாரதி, ஒரு துணை சாரதி. ஜெயிச்ச மாட்டைப் பத்திப் பேசுற ஊர்க்காரங்க அடுத்த மூச்சுல யார் சாரதின்னு கேப்பாங்க. கார் விஷயத்துல மட்டும் நாம எத்தனை பிஎச்பின்னு கேட்டு நிறுத்திக்கிறோம்.

மதுரைக்கு மோட்டார் புதுசும் இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கிருந்து பஸ் சர்வீஸ் ஆரம்பிச்சது 1912-ல். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவருடைய நிறுவனம் கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தது. கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடும். இழுவை குறையும், நெருப்பையும் கவனிக்கணும், ரோட்டையும் கவனிக்கணும். பின்னால் 1970-களில் அரசு பஸ்கள் பாண்டியன் என்ற பேரில் ஓட ஆரம்பித்தன. மாமா சேர்ந்த காலத்தில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு குழியும் உள்ளங்கைக்கு வரும்னு சொல்வார். நான் அதைக் கஷ்டம்னு நினைச்சேன். அவர் அதைத் தகவல்னு நினைச்சிருக்கார்.

“இந்தக் காரை ஓட்ட எவ்வளவு திறமை வேணும்”னு நண்பர்கள் கேக்கும்போது இப்போ நான் எதிர்க் கேள்வி ஒண்ணு கேக்கிறேன். ஈரத்துல இது எத்தனை மீட்டர்ல நிக்கும்னு உனக்குத் தெரியுமா? டயர் எப்போ மாத்தினே? பெரும்பாலும் பதில் வராது. செகண்ட் ஹாண்டுல கார் வாங்கி எக்ஸாஸ்டுக்கு அறுபதாயிரம் செலவு பண்றவன் வழவழன்னு தேஞ்ச டயரோட ஓட்டுவான். என் நண்பனோட காரும் அப்படித்தான் இருந்ததுன்னு அன்னைக்கு ராத்திரி விருதுநகர்ல டார்ச் அடிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கிளம்புறதுக்கு முன்னாடி நான் பாக்கலை. அது என் தப்பு, காரோடது இல்லை.

மறுநாள் திரும்பி வரும்போது மாமா சாவியைக் கேட்டார். இந்த மாதிரிக் காரை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. காலையில மறுபடி தூறல். ஊரைத் தாண்டி ஒரு சர்வீஸ் ரோட்டுல இறக்கினார். கண்ணாடியில பின்னாடி பாத்தார், யாரும் இல்லை. நாப்பதுல போய், நேரா, அழுத்தமா ஒரு பிரேக். ஏபிஎஸ் கடகடன்னுச்சு. மறுபடி ஒரு தடவை, கொஞ்சம் இதமா, அது கடகடங்கிறதுக்கு முந்தின இடத்துல. டிப்போவை விட்டு மழையில வண்டி எடுத்தா முதல்ல இதைத்தான் செய்வாராம்.

“ம்”னார். நாலு வழிச்சாலையில ஏறி, கப்பலூர் வரைக்கும் எழுபத்தஞ்சுலயே வந்தார். கள்ளிக்குடி பக்கம் அந்த மீடியன் இடைவெளி வந்தப்ப அவர் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக் மேல போய் உக்காந்தது. அங்க அப்போ யாரும் இல்லை.